ஆறு சிலிண்டர் மீட்டரும் எங்கள் ஹெரால்டும்

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1969 மாடல், நாலு கதவு மார்க் 3. 948 சிசி எஞ்சின். அப்பா வாங்கியபோதே அதில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது; அது இல்லையே என்று யாரும் வருத்தப்பட்டதும் கிடையாது. எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை எஞ்சின் சத்தமே சொல்லிவிடும். ஆனாலும் புதுப்பேட்டையில் ஒரு சைலன்சர் கிளாம்புக்காக அலைந்துகொண்டிருந்தபோது, துரு ஏறிய ஹார்ன்களுக்கு நடுவே ஸ்மித்ஸ் என்று இங்கிலாந்து கம்பெனியின் பெயர் எழுதிய கறுப்பு ஆர்பிஎம் டயல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது.

"எந்த வண்டியோடது அண்ணே?"

"இங்கிலீஷ் கார் தம்பி, பெரிய வண்டி. முள்ளு ஆடுது பாரு, நல்லா இருக்கு."

ஆட்டிக் காட்டினார். வேறு சான்றிதழ் எதுவும் கேட்காமல் வாங்கிவந்துவிட்டேன்.

டயலின் அடியில் பொடி எழுத்தில் ஆர்விஐ என்று இருந்தது. ஸ்மித்ஸ் மீட்டர்களில் இந்த வகைக்கு, ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் மைனஸ் முனையிலிருந்து தனி வயர் எதுவும் வேண்டாம். இக்னிஷன் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளை வயரையே மீட்டர் வழியாகத் திருப்பிவிட வேண்டும். உள்ளே ஒரு சின்ன இரும்புக் கருவைச் சுற்றிக்கொண்டு அது வெளியே வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் என்ற குட்டி சுவிட்ச் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் திறந்து மூடும்போதெல்லாம் அந்த வயரில் கரண்ட் விழுந்து எழுகிறது. மீட்டர் அந்த அதிர்வைப் பிடித்து எண்ணுகிறது.

எண்ணுகிறது என்றால் 1, 2, 3 என்றல்ல. ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் முள்ளின் சுருளுக்குள் ஒரு கரண்டி மின்சாரம் ஊற்றுகிறது, அவ்வளவுதான். கரண்டியின் அளவு எப்போதும் ஒன்றே. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் நிமிடத்துக்கு அதிகக் கரண்டி, முள் மேலே போகும். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், சில ரெசிஸ்டர்கள் போதும் இதற்கு. அறுபதுகளில் இதைக் கார் டேஷ்போர்டுக்குள் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

மூடியைத் திறப்பதற்குத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. முன்வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் காதுகள் விலகி வெளியே வர வேண்டும். ஆனால் உள்ளே இருந்த ரப்பர் ஐம்பது வருஷத்தில் தார் மாதிரி இறுகி ஒட்டியிருந்தது. மனைவியின் ஹேர் டிரையரை இரவல் வாங்கி, சுற்றிச் சுற்றிச் சூடு காட்டி, துணி போட்டுப் பிடித்துத் திருப்பினேன். கண்ணாடி பிழைத்தது. உள்ளே இருந்த டிரான்சிஸ்டர்கள் என்பிஎன் வகை, அதாவது பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும் நெகட்டிவ் எர்த் வண்டிக்கான மீட்டர். எங்கள் வண்டியும் எப்போதோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றப்பட்டிருந்ததால் அந்த வேலை மிச்சம்.

அடுத்து மேசையில் சோதனை. இதற்கு சிக்னல் ஜெனரேட்டர் எல்லாம் வேண்டாம். வீட்டுச் சுவரிலேயே ஒன்று இருக்கிறது. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்கட்டமைப்பு விதிப்படி அது 49.90க்கும் 50.05க்கும் இடையில் இருக்க வேண்டும். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 2 ஸ்பார்க். வினாடிக்கு 50 ஸ்பார்க் என்றால் 25 சுற்று, நிமிடத்துக்கு 1500. அதிர்வெண் 0.1 குறைந்தாலும் கணக்கில் 3 ஆர்பிஎம்தான் வித்தியாசம். முள்ளின் தடிமன் அதைவிடப் பெரிது. அலையின் கீழ்ப்பாதியையும் மேலே மடித்துவிடும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டால் அதே மின்சாரம் 100 ஆகிவிடும், அதாவது 3000 ஆர்பிஎம்.

காலிங் பெல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் அலையை ஒரு 555 ஐசி வழியாகச் சதுர அலையாக்கி, அதைக்கொண்டு ஒரு மாஸ்ஃபெட்டை, அதாவது மின்னணு சுவிட்சை, திறந்து மூடினேன். காயிலுக்குப் பதிலாக 45 வாட் ஹெட்லைட் பல்பு. 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 4 ஆம்பியர் இழுக்கும், காயிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பல்புக்குப் போகும் வயர் மீட்டர் வழியாகப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் மெதுவான அலையை அப்படியே கொடுத்தால் மீட்டர் அசையாது. கரண்ட் வெடுக்கென்று விழுந்து எழ வேண்டும்.

சுவிட்சைப் போட்டேன். முள் எழுந்து 1000இல் நின்றது.

1500 காட்ட வேண்டிய இடம். மீட்டர் செத்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். 100 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்த்தால் 2000. பழுதான மீட்டர் இப்படி அளந்துவைத்தாற்போல் இரண்டு இடத்திலும் மூன்றில் இரண்டு பங்கு காட்டாது. ஒரு சுற்றுக்கு 3 ஸ்பார்க் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 50 ஹெர்ட்ஸுக்கு 1000, 100க்கு 2000. கடைக்காரர் சொன்ன "பெரிய வண்டி" ஆறு சிலிண்டர். மீட்டர் தங்கமாக இருக்கிறது, அது வேலை பார்த்த எஞ்சின்தான் வேறு.

சரி, கரண்டியை ஒன்றரை மடங்கு பெரிதாக்க வேண்டும்.

முதலில் சோம்பேறி வழி. உள்ளே அளவு சரிசெய்ய ஒரு சின்ன டிரிம்மர் இருக்கிறது, பெயின்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். சுரண்டிவிட்டுத் திருப்பினேன். 1000 மெல்ல 1200 வரை வந்தது, அதற்குமேல் வழி இல்லை. அது கொஞ்சநஞ்ச வித்தியாசத்தைச் சரிக்கட்ட வைத்தது.

கரண்டி எவ்வளவு நேரம் ஊற்றும் என்பதை ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எதை மாற்றினாலும் நேரம் நீளும். நான் கெப்பாசிட்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கரண்டி ஊற்றி முடிந்ததும் அந்தக் கெப்பாசிட்டர் அடுத்த முறைக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். உயர்ந்த ஆர்பிஎம்மில் அந்த நேரம் கிடைக்காவிட்டால் கரண்டி குறைவாக ஊற்றும், முள் பொய் சொல்லும். கெப்பாசிட்டரை ஒன்றரை மடங்கு ஆக்கினால் ஊற்றும் நேரமும் ஒன்றரை மடங்கு, தயாராகும் நேரமும் ஒன்றரை மடங்கு. நாலு சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க்குக்கு இடைப்பட்ட நேரமும் அதே ஒன்றரை மடங்கு. எல்லாம் ஒன்றாக நீள்வதால் அந்தக் காலத்தில் வரைந்த டயல் கோடுகள் அப்படியே பொருந்தும். காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்தபோது வந்த சந்தோஷம் மீட்டரை ஓட்டிப் பார்த்தபோதுகூட வரவில்லை.

டிரிம்மரைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்தேன். பழைய கெப்பாசிட்டரைக் கழற்றவில்லை. அதன் மதிப்பில் பாதியளவு உள்ள இன்னொன்றை இணையாகப் பற்றவைத்தால் ஒன்றரை ஆகிவிடும். டப்பாவில் ஒரு செராமிக் டிஸ்க் கிடந்தது, கிட்டத்தட்ட அந்த அளவு. வைத்தேன். 50 ஹெர்ட்ஸுக்கு 1450, மீதியை டிரிம்மர் பார்த்துக்கொண்டது. 100க்கு அச்சாக 3000. மேல்பகுதிக்கு மகளின் ஆர்டுயினோ போர்டை வாங்கி 200 ஹெர்ட்ஸ் கொடுத்தேன். 6000 காட்ட வேண்டிய முள் 5950 காட்டியது. ஹெரால்டு அங்கெல்லாம் போகப்போவதில்லை.

வண்டியில் பொருத்தியது தனிக் கதை. டேஷ்போர்டில் ஓட்டை போட மனசு வரவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் அடியில் ஒரு பட்டை அடித்துத் தொங்கவிட்டேன். வெள்ளை வயரை வெட்டி இரண்டு முனையையும் மீட்டரின் புல்லட் கனெக்டரில் சொருகினேன். எஞ்சின் ஓடுகிறது, முள் அசையவில்லை. இந்தக் கருவுக்குத் திசை முக்கியம். இரண்டு முனையையும் மாற்றிச் சொருகியதும் 750இல் வந்து நின்றது.

தெருமுனையில் ஒரு ஆட்டோ குறுக்கே வர, ஹார்ன் அடித்தேன். முள் ஒரே துள்ளாகக் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. கையை எடுத்தால் இறங்குகிறது, அடித்தால் ஏறுகிறது. பழைய மின்சார ஹார்னுக்குள்ளும் ஒரு பாயிண்ட் உண்டு. வினாடிக்குச் சில நூறு முறை திறந்து மூடித்தான் அது கத்துகிறது. எந்தக் காலத்திலோ யாரோ ஹார்னுக்கான கரண்டை காயிலின் முனையிலிருந்தே இழுத்திருக்கிறார்கள். மீட்டர் பாவம், அதையும் ஸ்பார்க் என்று எண்ணியிருக்கிறது. ஹார்னுக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி வயர் இழுத்தேன். சத்தமும் கூடியது, அது போனஸ்.

மறுவாரம் ஜிஎஸ்டி சாலையில் குரோம்பேட்டை தாண்டியதும் எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, ஸ்பார்க் இல்லை. எங்கள் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அண்ணே, கடைசியா என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்காதீங்க" என்று நானே ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, "நல்லா ஓடிட்டு இருந்த வண்டிக்கு நடுவுல மீட்டர வச்சா அப்படித்தான் சார். அந்தச் சொருகலை அமுக்கிப் பாருங்க" என்றார். அமுக்கினேன், ஓடியது. ஆர்விஐ மீட்டரில் இது ஒரு சங்கடம்: காயிலுக்குப் போகும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகவே போவதால், அதன் கனெக்டர் தளர்ந்தால் வண்டியே நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் புதிய புல்லட்களை நெருக்கிப் பொருத்தி, பட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அவசரத்துக்கு மீட்டரை விட்டுவிட்டு நேராக இணைக்க ஒரு சின்ன வயரும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது.

இனி சாலையில் மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி 20 சுற்று சுற்றினேன். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 48¾ சுற்று சுற்றியது. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் கணக்கில் இதை இரட்டிக்க வேண்டும், ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் விகிதம் 4.875. டயரில் சாக்பீஸ் கோடு போட்டுத் தள்ளி அளந்ததில் ஒரு சுற்றுக்கு 1.77 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர், 565 சக்கரச் சுற்று; டாப் கியரில் ஷாஃப்டும் எஞ்சினும் ஒரே வேகம் என்பதால் எஞ்சின் 2750. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, போனில் ஜிபிஎஸ் 60 காட்டும்போது முள் 2750க்கு மேலே ஒரு மயிரிழையில் நின்றது. வீட்டுக்கு வந்து இரண்டு காபி குடித்தேன்.

மதியம் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது அதே சாலை, அதே 60, முள் 2500இல். வண்டி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருந்தது. கிளட்ச் நழுவினால் ஆர்பிஎம் கூடும், குறைய வழியே இல்லை. டாப் கியரில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையில் வெறும் பற்சக்கரங்கள்தான். ஆக, பொய் சொல்வது மீட்டர்.

மறுபடியும் மேசை, 100 ஹெர்ட்ஸ், 3000. மறுபடியும் ஹேர் டிரையர். போர்டின் மேல் காற்று பட்டதும் முள் கண்ணெதிரே நழுவியது: 2900, 2800, 2700. எதன் மேல் பட்டால் இறங்குகிறது என்று குழாய்க்கு முன்னால் அட்டையில் ஓட்டை போட்டு ஒவ்வொன்றாகச் சூடு காட்டினேன். டிரான்சிஸ்டர்கள் குற்றமற்றவை. பழைய கெப்பாசிட்டர் குற்றமற்றது. நான் வைத்த செராமிக் டிஸ்க்கைத் தொட்டதும் விழுந்தது. மலிவான செராமிக் வகைகள் சூட்டில் தங்கள் மதிப்பில் பெரும்பங்கை இழந்துவிடும். சப்ளை வயரில் இரைச்சலை வடிகட்ட அவை போதும், நேரத்தை அளக்க ஆகாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் டப்பாவில் கிடந்ததை எடுத்துவைத்தேன்.

ரிச்சி தெருவில் அதே மதிப்புக்கு ஒரு பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், ஆட்டோக் காசில் நூறில் ஒரு பங்கு விலை. மாற்றிவிட்டு டிரையரைப் பிடித்தால் முள் அரைக் கோடுகூட நகரவில்லை. டிரிம்மரை மறுபடி 1500க்கு வைத்து ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டேன். டிரையரையும் நெயில் பாலிஷையும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று வீட்டில் புகார்.

டயலில் சிவப்புக் கோடு 5500இல் தொடங்குகிறது. அது பழைய முதலாளியின் எஞ்சினுக்கு. எங்கள் 948இன் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங், வயசும் ஆகிவிட்டது. கண்ணாடியின் மேல் 4500க்கு நேராக ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். இதுவரை முள் அதைத் தொட்டதில்லை.

மீட்டருக்குள் இருக்கும் விளக்குக்கு இன்னும் வயர் இழுக்கவில்லை. ராத்திரியில் பழையபடி காதால் கேட்டுத்தான் கியர் மாற்றுகிறேன்.