பழைய அவுட்போர்டு மோட்டாரைக் காரைக்குடியில் பிரித்து ஓட்டிய விவரம்

தொண்டிப் பக்கம் வள்ளத்தில் ஓடி, பிறகு பல மழைக்காலம் கொட்டகையில் கிடந்த, படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார் இது. 8 எச்.பி., டூ-ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர். திருவாடானை, தேவகோட்டை வழியாகக் காரைக்குடிப் பட்டறைக்கு வந்தது. ஆயில் சீல், பிளக், ஹோஸ், லேத் வேலை எல்லாம் ஊருக்குள்ளேயே முடிந்தன. சில பாகங்களுக்கு மட்டும் டூவீலர் சாமான் ஆகவே ஆகாது. எது ஆகும், எது ஆகாது என்பதில்தான் இந்த வேலையே இருக்கிறது.

நெடுநாள் கிடந்த மோட்டாரில் எடுத்தவுடன் கயிற்றை இழுக்கக்கூடாது. பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தால் உடையும். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் 10 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டோம். பிறகு ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, மோட்டார் ஓடும் திசையான வலச்சுற்றில் மட்டும் மெதுவாகத் திருப்பினோம். எதிர்ப்பக்கம் திருப்பினால் தண்ணீர் பம்பின் காய்ந்த ரப்பர் இதழ்கள் புரண்டு முறியும்.

சுழன்றதும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம் பார்த்தோம். பிளக் மரை 14 மி.மீ. என்பதால் டூவீலர் கேஜே போதும். லெக் (தண்ணீர் பம்பும் கியரும் உள்ள கீழ்ப்பகுதி) தண்ணீருக்குள் இருக்கட்டும். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, பிளக் கேப் இரண்டையும் எர்த் செய்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். தீப்பொறிக்குப் போக்கிடம் இல்லையென்றால் இக்னிஷன் காயிலும் சிடிஐயும் (தீப்பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) கெடலாம். கேஜ் காட்டும் எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். இதில் 10 சதவீதத்துக்குள் இருந்ததால் பிஸ்டன் பக்கமே போகவில்லை. நன்றாக இருக்கும் பிளாக்கைப் பிரிப்பது வீண் செலவு.

அதிக நேரம் தின்றது போல்ட்தான். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர்: அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகி மரையை இறுக்கிவிடுகிறது. பலத்தைக் காட்டினால் 6 மி.மீ. போல்ட் தலை கையோடு வந்துவிடும். பெட்ரோல் சாமான்களை எல்லாம் கழற்றி அப்புறப்படுத்திய பிறகு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்கி, துரு இளக்கும் ஆயில் அடித்து, கால் சுற்று இறுக்கி அரைச் சுற்று தளர்த்தி என்று ஆட்டி ஆட்டி எடுத்தோம். ஒன்று உடைந்தது. லேத் பட்டறையில் நடு மையம் பிடித்துத் துளையிட்டு ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டார்கள். கையில் பிடித்த டிரில்லால் இதைச் செய்தால் துளை சாய்ந்து, கேஸிங்கே போய்விடும். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு மரைக்கும் மரைன் கிரீஸ்.

லெக்கை இறக்கியதும் இம்பெல்லர், அதாவது தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்ச் சக்கரம். ஆறு இதழில் இரண்டு இல்லை. புது இம்பெல்லரை மாட்டுவதோடு வேலை முடியாது, உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்தாக வேண்டும். அவை தண்ணீர்க் குழாயில் ஏறி அடைத்திருந்தால் புதுப் பம்பு இருந்தும் மோட்டார் சூடாகும். குழாயில் காற்றடித்ததும் இரண்டும் வெளியே வந்தன. பம்பின் அடித்தகட்டில் நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் அரைவட்டச் சாவியை மறக்காமல் வைத்து, இதழில் கிரீஸ் தடவி, ஷாஃப்ட்டை வலச்சுற்றாகச் சுற்றிக்கொண்டே கவரை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். இம்பெல்லரும் ஹெட் கேஸ்கெட்டும் அந்த மாடலுக்கு உரியவையாகவே இருக்க வேண்டும். ரப்பர் ஷீட்டில் வெட்டிய இம்பெல்லர், பேக்கிங் பேப்பரில் வெட்டிய ஹெட் கேஸ்கெட் இரண்டுமே வேண்டாம்.

சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைச் சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பார்க்கலாம். ஏறக்குறைய 50–60 டிகிரியில் திறக்க வேண்டும். உப்புப் பூத்து மூடியே கிடந்தால் மாற்றுங்கள்.

கியர் ஆயில் மோர் நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். புரொப்பெல்லரைக் கழற்றினால் பின்னால் தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) சுற்றி, சீல் உதட்டை அறுத்திருந்தது. சீல் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் மில்லிமீட்டரில் அடித்திருக்கும். அந்த அளவைச் சொன்னால் பேரிங் கடையில் கிடைக்கும். உள் ஸ்பிரிங் மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேட்டு வாங்குங்கள், சாதா ஸ்பிரிங் கடல் தண்ணீரில் துருப்பிடித்து விட்டுப்போகும். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் புதியது. 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்து ஏற்றி, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் மேல் ஸ்க்ரூவை முதலில் மூட வேண்டும், பிறகு கீழே.

கார்பரேட்டரில் பழைய எரிபொருள் பிசினாக இறுகியிருந்தது. ஜெட்டில் கம்பி விடாதீர்கள், துளை பெருத்துவிடும். கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்று அடித்தால் போதும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் ஊதி உதிரும். ஹோஸையும் பியூயல் பம்பு டயாஃப்ரமையும் தயங்காமல் மாற்றினோம். கலவை 50-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. ஆயில் டிசி-டபிள்யூ3 (TC-W3) தரம்தான். டூவீலர் 2டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரில் குளிரும் இதில் சாம்பல் படிந்து ரிங்கைப் பிடிக்கும்.

தீப்பொறி வரவில்லை என்றதும் சிடிஐ வாங்க ஓடவேண்டாம். ஸ்டாப் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். இதில் குற்றம் சுவிட்சுக்குள் பூத்த பச்சைக் களிம்பில்தான் இருந்தது.

200 லிட்டர் டிரம்மின் மேல்மூடியை வெட்டி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி ஓட்டினோம். தண்ணீர் மட்டம் பம்புக்கு மேலே நிற்க வேண்டும். ஸ்டார்ட் ஆன ஒரு நிமிடத்துக்குள் பின்துளையில் தண்ணீர் பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்துங்கள். துளையில் தங்கூசி நரம்பை விட்டுக் குத்திப் பார்த்து, அப்போதும் வராவிட்டால் லெக்கை மறுபடி இறக்கியாக வேண்டும்.

இந்த மாடலில் புரொப்பெல்லரைப் பிடிப்பது ஒரு ஷியர் பின் (சிறு உலோகக் குச்சி). பாறையில் அடித்தால் கியருக்குப் பதிலாக அது முறிய வேண்டும் என்றே மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். பின் முறிந்த இடத்தில் இரும்பு ஆணியைச் செருகினால் அடுத்த அடியில் கியர் பல் போகும். கவருக்குள் இரண்டு உபரி பின்னும் ஒரு கட்டிங் பிளையரும் கட்டி வைத்தே மோட்டாரைத் தொண்டிக்கு அனுப்பினோம்.