நாலு சின்ன சுரப்பியும் ஆச்சி வீட்டு மாடும்

மாட்டு டாக்டரா வேலைக்கு சேந்த புதுசு, ராத்திரி 11 மணிக்கு முக்கூடல் பக்கத்துல இருந்து போன், "எய்யா, நேத்து கன்னு போட்ட மாடு, சாயங்காலத்துல இருந்து எந்திக்கவே மாட்டேங்கு, சீக்கிரம் வாய்யா"ன்னு ஒரு ஆச்சி அழுவுதாங்க. போய்ப் பாத்தா ஜெர்சி கலப்பு, நாலாவது ஈத்து, தொழுவத்துல கழுத்த வயித்துப் பக்கமா மடிச்சு வச்சு கெடக்கு, காதைத் தொட்டா குளுந்து போயிருக்கு, மூக்குல ஈரமே இல்ல. பால் காய்ச்சல். பேருதான் காய்ச்சல், ரத்தத்துல கால்சியம் இறங்கிப் போறதுதான் நோவு, உடம்பு சில்லுன்னு ஆயிரும்.

கால்சியம் போரோகுளுக்கோனேட் 450 மில்லிய கழுத்து நரம்புல ஏத்துனேன். வேகமா ஏத்துனா இதயமே நின்னுரும், அதனால ஸ்டெதாஸ்கோப்ப நெஞ்சுல வச்சுக் கேட்டுக்கிட்டே சொட்டு சொட்டா விடணும், ஆச்சி டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. பாதி பாட்டில் இறங்கும்போது விலாப்பக்கம் நடுங்க ஆரம்பிச்சுது, ஒரு ஏப்பம் விட்டுச்சு, சாணி போட்டுச்சு, கொஞ்ச நேரத்துல முட்டி போட்டு எந்திச்சிட்டு. ஆச்சி கருப்பட்டி காப்பி போட்டுத் தந்தாங்க.

அந்த சந்தோசத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். "அடுத்த தடவ சினையா இருக்கும்போதே கால்சியம் டானிக் நல்லா குடுங்க ஆச்சி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவுக பால் காசுல மிச்சம் பிடிச்சு கடைசி ரெண்டு மாசமும் வாங்கி ஊத்தியிருக்காங்க, கால்சியம் கூடுதலா உள்ள பசுந்தீவனமான வேலிமசாலும் அள்ளிப் போட்டுருக்காங்க. கன்னு போட்ட மறுநாள் மாடு திரும்பவும் விழுந்துட்டு.

கழுத்துல தைராய்டு பக்கத்துல 4 பாராதைராய்டு சுரப்பி இருக்கு. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா அதோட ஹார்மோன் எலும்புல இருந்து கால்சியத்த எடுத்து விடும், கிட்னில வைட்டமின் டி-ய தூண்டி குடல்ல கூடுதலா உறிய வைக்கும். ஆனா குடல் வேகம் பிடிக்க ஒரு நாளு, எலும்புக்கு ரெண்டு நாளு ஆவும். மாட்டு ரத்தத்துல ஒரு நேரத்துல ஓடுற கால்சியம் 3 கிராம் போல, 10 லிட்டர் சீம்பால்ல போறதோ 20 கிராமுக்கு மேல. சினையில நான் ஊத்தச் சொன்ன டானிக்குல சுரப்பிக்கு வேலையே இல்லாம தூங்கிப் போச்சு, தேவைப்பட்ட அன்னைக்கு முழிக்க முடியல. காலேஜ்ல படிச்சதுதான், பரீட்சையில எழுதிட்டு அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். இன்னைக்கு நினைச்சாலும் மனசு உறுத்துது.

மாட்ட எழுப்பி விட்டுட்டு ஆச்சிகிட்ட தப்பு என்னோடதுன்னு சொன்னேன். அவுக கொஞ்ச நேரம் யோசிச்சாங்க, "பிள்ளத்தாச்சிய ஒரு வேலையும் செய்யவிடாம உக்கார வச்சா பேறுகாலத்துல சிரமப்படுவான்னு சொல்லுவாவள்லா, அது மாதிரியாய்யா?"ன்னாங்க. அதேதான் ஆச்சி.

அடுத்த சினைக்கு கடைசி 3 வாரம் டானிக்க நிப்பாட்டி, வேலிமசால நிப்பாட்டி, வைக்கோலும் தவிடுமா குடுத்தோம், கன்னு போடுற அன்னைக்கு மட்டும் கால்சியம், மொத நாள் மடிய ஒட்டக் கறக்காம விட்டோம். மறுநாள் காலையில 5 மணிக்கு போன். எனக்கு நெஞ்சு பதறிட்டு.

"மாடு நிக்குய்யா. காதைத் தொட்டுப் பாத்தேன், சூடா இருக்கு."