நின்றபடி காத்திருந்த பதினோரு நிமிடங்கள்: மனித உருவ ரோபோ போட்டிக்குத் தயாராவோருக்கு

முடிவுகள் வெளியாகி மூன்று நாள்கள் ஆகின்றன. ஐந்து பிரிவுகளின் கூட்டுப் புள்ளியில் எங்கள் அணிக்கு நான்காம் இடம் கிடைத்தது. முதல் நாள் முடிவில் இரண்டாம் இடத்தில் இருந்தவர்கள் என்பதால் மனம் இன்னும் ஆறவில்லை. நடந்தவை தெளிவாக நினைவிலிருக்கும்போதே, அடுத்து களமிறங்கும் அணிகளுக்காக எழுதிவிடுகிறேன். விதிகளை இங்கே விளக்கப்போவதில்லை. ஆனால் ஹூரோகப் என்ற மனித உருவ ரோபோ விளையாட்டுப் போட்டியின் மரபில் வரும் ஒரு விதியை மட்டும் மறவாமல் படியுங்கள்: எல்லாப் பிரிவுகளிலும் ஒரே ரோபோதான் இறங்க வேண்டும், பிரிவுக்குப் பிரிவு அதன் உடலை மாற்றியமைக்க முடியாது. காலையில் விரைந்து நடந்த அதே முழங்கால்தான் மதியம் பளுவைத் தாங்கி, மாலையில் நெடுந்தொலைவும் நடக்க வேண்டும்.

தயாரிப்புக்குக் கிடைத்த பத்து மாதங்களில் ஏழு மாதங்களை நடைக்கும் கேமராவுக்குமே செலவிட்டோம். அது வீண்போகவில்லை. விரைவோட்டத்தில் முன்னோக்கி மூன்று மீட்டர் சென்றபின் அதே தொலைவைப் பின்னோக்கி நடந்து திரும்ப வேண்டும். பின்னோக்கி வரும்போது எல்லைக் குறி கேமராவில் சிறுத்துக்கொண்டே போவதால் திசை விலகல் தாமதமாகத்தான் தெரியும். நாங்கள் அந்தப் பகுதியில் உடல் திரும்புவதை உணரும் கைரோவின் அளவீட்டுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்ததால் தடத்தை விட்டு விலகவில்லை. பளுதூக்குதலில், கம்பி தலைக்கு மேலே சென்றதும் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும் என்பதை எதிர்பார்த்து, அதற்கென்று அடி நீளம் குறைந்த தனி நடை ஒன்றை எழுதி வைத்திருந்தோம். தடை தாண்டலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறங்களைச் சரியாகப் பிரித்தறிந்தால் முடித்துவிடலாம்.

நாங்கள் தோற்றது மாரத்தானில். அதிலும் நடக்கும்போது தோற்கவில்லை, நடக்கத் தொடங்குவதற்கு முன்பே தோற்றுவிட்டோம்.

எங்களுக்கு முந்தைய அணியின் முறை நீண்டதால் தொடக்கக் கோட்டருகே பதினோரு நிமிடங்கள் காத்திருந்தோம். ரோபோவை நின்ற நிலையிலேயே வைத்திருந்தோம். இயக்கத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் கைரோவின் சுழிப்புள்ளி (அது அளக்கத் தொடங்கும் பூச்சிய நிலை) மாறிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம், அந்த முடிவை எடுத்தவனும் நானே. நிற்பது ஓய்வு என்று நாம் நினைக்கிறோம். ரோபோவுக்கு அது ஓய்வன்று. முழங்கால் முற்றிலும் நீண்டுவிட்டால் காலின் கோணங்களைக் கணக்கிடும் சமன்பாடு தடுமாறும் என்பதால், பெரும்பாலான சிறிய ரோபோக்களை முழங்காலைச் சற்று மடக்கியே நிறுத்துகிறோம். அந்த நிலையில் மோட்டார் சுழலாமலே எடையைத் தாங்குகிறது. சுழற்சி இல்லாததால் அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. நடக்கும்போதாவது எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருக்கும். நிற்கும்போது இரண்டு முழங்கால்களுக்கும் இடைவேளையே இல்லை.

நடுவர் விசில் ஊதியபோது வலது முழங்காலை இயக்கும் சர்வோ மோட்டார் 71 டிகிரி வெப்பநிலையைக் காட்டியது. 80 டிகிரியைத் தொட்டால் அது தன்னைக் காத்துக்கொள்ள முறுக்கு விசையை நிறுத்திவிடும் என்பதை அறிந்திருந்தும், ஒன்பது டிகிரி மிச்சமிருக்கிறதே என்று அனுப்பிவிட்டோம். முப்பது மீட்டரைக் கடப்பதற்குள் வலது கால் தளர்ந்து ரோபோ விழுந்தது. எழும் அசைவுக்கும் அதே முழங்கால்தான் வேண்டும். தானாக எழ முடியாத ரோபோவைக் கையால் தொட்டுத் தூக்கியதும் எங்கள் முயற்சி முடிந்தது.

பெரிய களங்களில் போட்டியிட்டவர்களுக்கும் இந்த வெப்பம் புதிதன்று. 2013 டிசம்பரில் ஃப்ளோரிடாவில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ரோபோட்டிக்ஸ் சேலஞ்ச் போட்டியின் முன்னோட்டச் சுற்றில் முதலிடம் பெற்ற ஷாஃப்ட் அணியின் ரோபோ, மோட்டார்களைத் திரவத்தால் குளிர்வித்தது. 2015 இறுதிச் சுற்றில் எட்டுப் பணிகளை 44 நிமிடம் 28 நொடிகளில் முடித்து வென்ற தென்கொரிய ரோபோவான டி.ஆர்.சி. ஹூபோ, நடக்கத் தேவையில்லாத இடங்களில் முழந்தாளிட்டுச் சக்கரங்களில் நகர்ந்தது. முழந்தாளிட்டதன் முதல் பயன் நிலைத்தன்மைதான். ஆனால் எடையைச் சட்டகத்தின் மேல் இறக்கி வைப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இந்தத் தோல்விக்குப் பிறகே அந்தக் காட்சிகளில் கவனித்தேன்.

ஆகவே, மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இவற்றைச் செய்யுங்கள்:

- உட்காரும் நிலை ஒன்றை உருவாக்குங்கள். முழங்கால் முழுவதும் மடிந்து தொடை கெண்டைக்காலின் மேல் படிய வேண்டும்; முறுக்கு விசையை நிறுத்தினாலும் சாயக் கூடாது.
- உட்கார்ந்து எழுந்தபின் கைரோவைப் புதிதாகச் சுழியாக்கும் கட்டளையை எழுந்து நிற்கும் அசைவின் முடிவிலேயே சேர்த்துவிடுங்கள். எங்கள் அச்சத்துக்கு இதுவே விடையாக இருந்திருக்கும்.
- எல்லா மூட்டுகளின் வெப்பநிலையையும் ஒரே திரையில் காட்டுங்கள். சர்வோவின் உணரி காட்டுவதைவிட உள்ளே சுருள் சூடாக இருக்கக்கூடும் என்பதால், நாங்கள் இனி 55 டிகிரிக்கு மேல் எந்தப் பிரிவையும் தொடங்கப்போவதில்லை.
- மாற்றுச் சர்வோவை முன்கூட்டியே அடையாள எண் இட்டு, சுழி நிலை சரிபார்த்து எடுத்துச் செல்லுங்கள்.
- கேமராவின் தானியங்கி ஒளிச் சீரமைப்பை அணைத்துவிட்டு, களத்திலேயே நிறங்களை அளந்துகொள்ளுங்கள்.

முந்தைய இரவில் நிரலைத் திருத்தி வென்ற அணிகளையும் அங்கே கண்டேன். என் இயல்புக்கு அது ஒவ்வாது. இரண்டு நாள்களுக்கு முன்பே நிரலைப் பூட்டிவிட்டு, மீதி நேரத்தை ரோபோவை எழுப்பியும் உட்கார வைத்தும் பார்ப்பதில் செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

போட்டியை நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அணியைக் கோட்டுக்கு அழைப்பதற்கும் விசிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதை அறிவித்துவிட்டால், எங்கள் தவறை இன்னொரு அணி செய்யாது. நாங்கள் அடுத்த வாரம் ஆய்வகம் திறந்ததும் உட்காரும் நிலையிலிருந்துதான் தொடங்குகிறோம். நூறு முறை விழாமல் எழுந்த பிறகே நடையைத் தொடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.