சப்டைட்டிலை அணைத்துவிட்டு பெர்க்மன் பார்ப்பது எப்படி

ஸ்வீடிஷ் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் 'விண்டர் லைட்' (1963) படத்தில் மார்த்தா எழுதிய கடிதத்தைப் பாதிரியார் தோமாஸ் பிரிக்கிறார். அடுத்த ஷாட்டில் மார்த்தாவாக நடிக்கும் இங்ரிட் தூலினின் முகம் திரையை நிறைக்கிறது. கேமராவை நேருக்கு நேர் பார்த்தபடி அவரே கடிதத்தைச் சொல்கிறார். இடையில் ஒரே ஒரு பழைய நினைவு. மற்றபடி ஆறு நிமிடத்துக்கு மேல் அந்த முகம்தான். அந்தப் பார்வையிலிருந்து தோமாஸுக்குத் தப்ப வழியில்லை. ஸ்வீடிஷ் தெரியாத நமக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நம் கண் சப்டைட்டிலுக்கு இறங்கிவிடுகிறது.

'இந்த க்ளோஸ்-அப் நம்மை விடாமல் வதைக்கிறது' என்று எழுதுகிறவர்கள் பலர் அதில் பாதி நேரம் திரையின் கீழ்விளிம்பைத்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஆய்வுக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் முழுப் படத்தையும் ஒருமுறை சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு, பத்து நிமிடப் பகுதி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை சப்டைட்டில் வேண்டாம். ஷாட் எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஷாட்டின் அளவு (க்ளோஸ்-அப், லாங் ஷாட் போல), கேமரா அசைவு, ஒளி வரும் திசை என்று அட்டவணை போடுங்கள். ஒளியின் திசைக்கு மூக்கின் நிழலையும் கண்மணியில் தெரியும் வெள்ளைப் புள்ளியையும் பார்த்தால் போதும். 'விண்டர் லைட்'டில் பெரும்பாலும் மூக்குக்கு நிழலே கிடைக்காது. ஸ்வீடனின் டாலர்னா பகுதித் தேவாலயம் ஒன்றில் பெர்க்மனும் ஒளிப்பதிவாளர் ஸ்வென் நீக்விஸ்டும் உட்கார்ந்து, குளிர்கால நண்பகல் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று கவனித்தார்கள். மேகமூட்டமான நாளில் நிழல் விழாது. அதை ஸ்டுடியோவில் கொண்டுவர நேர் விளக்கைத் தவிர்த்து, ஒளி வேறொரு பரப்பில் பட்டுத் திரும்பி வரும்படி வைத்தார் நீக்விஸ்ட். அதனால்தான் தோமாஸ்மீது ஜன்னல் வழியே திடீரென்று வெயில் பாய்கிற அந்த ஒரு கணம் உறைக்கிறது. டிவியில் படத்தைப் பளிச்சென்று காட்டும் 'விவிட்' மோடு போட்டிருந்தால் இந்த வேறுபாடு மங்கிவிடும், முதலில் அதை அணையுங்கள். 4:3-ஐ ஒட்டிய சட்டகத்தை அகலத்திரைக்கு இழுத்துக் காட்டும் வசதியையும்தான்.

மூன்றாம் முறை சப்டைட்டில் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் அதற்குரிய ஷாட்டுக்கு எதிரே ஒட்டுங்கள். எழுத்துகளின் எண்ணிக்கையை விநாடியால் வகுத்துப் பாருங்கள். இரண்டு வரி, சுமார் 74 எழுத்து, ஆறு விநாடி என்பது பழைய வழக்கம். விநாடிக்குப் பன்னிரண்டு எழுத்துதான் வரும், முகம் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் இருக்கும். அதே வரி நான்கு விநாடியில் ஓடினால் பதினெட்டைத் தாண்டும். அங்கே நடிப்பைப் பற்றி எழுதும் முன் சப்டைட்டில் இல்லாமல் மறுபடி பாருங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்குச் செய்த கோப்பை 24 ஃபிரேம் பிரதியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகிப்போகும். சராசரி ஷாட் நீளமும் பிரதிக்குப் பிரதி நான்கு சதவீதம் மாறும். எந்தப் பிரதி என்று எழுதாத புள்ளிவிவரத்தை நம்ப வேண்டாம்.

ஆங்கிலம் வழியாக ஸ்வீடிஷைப் படிப்பதில் இன்னொரு தொல்லை, மரியாதைச் சொல். 1960-களின் இறுதிவரை ஸ்வீடனில் எல்லாரையும் ஒருமையில் அழைத்துவிட முடியாது. பதவிப் பெயரைச் சொல்லிப் படர்க்கையில் பேசுவது சாதாரணம். பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' (1957) முடிவில் முதியவர் இசாக் போர்க், பல்லாண்டாகத் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆக்தாவிடம், இனி ஒருவரையொருவர் ஒருமையிலேயே கூப்பிட்டுக்கொள்ளலாமே என்கிறார். அது முறையல்ல என்று மறுத்துவிடுகிறார் அந்த அம்மாள். ஆங்கிலத்தில் இதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்லமுடியும். தமிழில் 'நீ', 'நீங்க' இருக்கும்போது, ஆங்கில சப்டைட்டிலிலிருந்து தமிழாக்குகிறவர்கள் அந்தச் சுற்றலையும் சேர்த்துக் கொண்டுவருவது வீண் வேலை. காது கேளாதவர்களுக்கான ஸ்வீடிஷ் சப்டைட்டில் உள்ள டிஸ்க் கிடைத்தால் இப்படிப்பட்ட இடங்களை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிடலாம்.

இசாக்காக நடித்த விக்டர் ஷேஸ்ட்ரோமே இயக்கிய மௌனப்படம் 'தி ஃபாண்டம் கேரேஜ்' (1921). அதில் ஒளிப்பதிவாளர் யூலியஸ் யேன்சோன் ஒரே ஃபிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றி, மறுபடி மறுபடி பதிவுசெய்து ஆவியுருவங்களை எடுத்தார். கையால் சுழற்றும் கேமரா. முதல் பதிவின் வேகத்தையே அடுத்ததிலும் பிடிக்க வேண்டும், பிசகினால் ஆவியின் நடை தனியாகத் துடிக்கும். இந்தப் படத்துக்கு அட்டவணை போடும்போது வசன அட்டைகளை ஷாட்டுகளோடு எண்ணாதீர்கள். வெளிநாட்டுப் பிரதிகளுக்கு அட்டைகளைப் புதிதாக எழுதிச் சேர்ப்பார்கள், அவற்றின் நீளம் ஷேஸ்ட்ரோமின் முடிவாக இருக்காது. அவற்றுக்குத் தனி நிரல் ஒதுக்குங்கள்.