121 சென்டிமீட்டரோடு சிங்கப்பூருக்கு

எங்கள் வீட்டுச் சமையலறை நிலைக்காலில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்போம். 2025 ஜனவரியில் மகளுடைய கோடு 119 சென்டிமீட்டரில் இருந்தது. மே மாதம் அவளுக்கு ஏழு வயது முடிகிறது. பிறந்தநாளுக்குச் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதாக அவள் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். திருச்சியிலிருந்து நேராக விமானம், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பயணம். மூன்று வயதுத் தம்பியையும் தூக்கிக்கொண்டு போக இதைவிட வசதியான வெளிநாடு எங்களுக்கு இல்லை.

டிக்கெட் பார்க்க உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. அங்கே டிக்கெட்டுக்கு வயது, சவாரிக்கு உயரம். நான்கு வயதுக்குள் என்றால் நுழைவு இலவசம், 4 முதல் 12 வரை குழந்தை டிக்கெட். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஏற 102 சென்டிமீட்டர் வேண்டும். ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107. மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. மகள் மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்ததோ இருட்டுக்குள் பாயும் அந்த மம்மியைப் பற்றித்தான். ஏற்கெனவே போய்வந்த பெரியப்பா மகன் ஏற்றிவிட்ட ஆசை அது.

முதலில் பாஸ்போர்ட். பிள்ளைகள் இருவருக்கும் புதிதாக எடுத்தோம். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழிப் படிவம், பிறப்புச் சான்றிதழ், எங்கள் பாஸ்போர்ட் நகல்கள் இவைதான் முக்கியம். எங்கள் பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் ஏறியிருந்ததால் பிள்ளைகளுக்குப் போலீஸ் விசாரணை வரவில்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் அது இல்லையென்றால் அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். சிங்கப்பூருக்கோ போய் இறங்கும் நாளில் குறைந்தது ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

என்னை அதிகம் அலைய வைத்தது இனிஷியல். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி, வெறும் பெயர் மட்டும்தான். நம்மில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான் இருக்கிறது. விமான டிக்கெட் படிவமோ கடைசிப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அந்த இடத்தில் என் இனிஷியல் எழுத்தைப் போட்டுவிட்டு, "எல்லாரும் இப்படித்தாம்மா போடுறாங்க" என்றார். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் இருந்தால் விமான நிலையத்தில் என்ன கேள்வி வருமோ என்று இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கடைசியில் நானே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒற்றைப் பெயரை எப்படி நிரப்ப வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. அவர்கள் சொன்னபடி திருத்த இரண்டு நாள் ஆனது. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தால் இந்த மனஉளைச்சலே இருந்திருக்காது. பிள்ளைகளுக்கு அப்பா பெயரை முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டோம். இந்தத் தொல்லை என்னோடு முடியட்டும்.

விசா விண்ணப்பம், அங்கீகாரம் பெற்ற முகவர் மூலமாகத்தான் போனது. கைக்குழந்தையானாலும் தனி விசா, ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர் அரசுக் கட்டணம், முகவர் கூலி தனி. மறுத்துவிட்டாலும் கட்டணம் திரும்பாது. வெள்ளைப் பின்னணியில், கண் திறந்து, வாய் மூடி, மூன்று வயதுக்காரனைப் படம் எடுப்பதற்குள் தில்லைநகர் ஸ்டுடியோக்காரர் அரை நாள் பொறுமையாக இருந்தார். முதல் படம் காதோரம் நிழல் விழுந்ததென்று திரும்பிவந்து, மறுபடி போனோம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் காசே கிடையாது. தேடினால் காசு கேட்கும் தளங்களும் வந்து நிற்கும். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்துக்கே போய்விடுங்கள்.

தேதி குறிப்பதில் வீட்டில் சின்ன வாக்குவாதம். பிறந்தநாள் மே 11, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே அங்கே இருக்க வேண்டும் என்றார் அவர். ஞாயிறு கூட்டம், மறுநாள் திங்கள் வெசாக் விடுமுறை. தவிர, பேத்தியின் பிறந்தநாளுக்கு அப்பத்தா பாயசம் வைக்காமல் இருந்த வருஷமே இல்லை. அதனால் ஞாயிறு காலை கோயில், மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு, ராத்திரி விமானம். திங்கள் முழுக்க ஓய்வு. செவ்வாய் பூங்கா. ஜூன் வந்தால் சிங்கப்பூர்ப் பள்ளிகளும் விடுமுறையில் இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்தோம். அந்த வாரத்தில் நாங்கள் செய்த நல்ல முடிவு இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஃபாரர் பார்க் பக்கம் தங்கினோம். அங்கிருந்து ஊதா ரயில் தடம் மாறாமல் ஹார்பர்ஃப்ரன்ட் போய்ச் சேரும். ரயிலில் எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் பார்த்ததும் மகள் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள், பக்கத்திலிருந்த பாட்டி ஒருவர் சிரித்தார். அங்கே விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் சென்டோசா தீவுக்குப் போகும் ரயில், முதல் நிறுத்தமே பூங்கா. நேரக் கணக்கும் எங்களுக்குச் சாதகம் இல்லை. அங்கே காலை பத்து என்றால் நம் ஊரில் ஏழரைதான். முதல் நாள் ஓய்வு வைக்காமல் போயிருந்தால் தம்பி தூக்கத்திலேயே நாளைக் கழித்திருப்பான்.

மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். எனவே காலையிலேயே வெளியே இருப்பவற்றை முடித்தோம். பிப்ரவரியில்தான் திறந்திருந்த மினியன் லேண்டில் நடனச் சுழல் சவாரி இரண்டு தடவை. ஜுராசிக் பார்க்கில் முழங்கால்வரை நனைந்தோம். மாற்றுத் துணி அவசியம் எடுத்துப் போங்கள். இரண்டரை மணிக்கு மழை பிடித்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு அப்பாவும் மகளும் போக, நான் தம்பியோடு கூரைக்கடியில் தயிர்சாதம் நினைப்பில் உட்கார்ந்திருந்தேன்.

மம்மிக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் நிலைக்காலில் போட்ட கோடு 121. தடித்த அடியுள்ள ஷூ போட்டால் போதும் என்று சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கையின் தடுப்புக் கம்பி பிள்ளையின் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், அதற்காகத்தான் அந்த அளவு. ஷூவையா பிடிக்கும்? வீட்டிலேயே உட்கார வைத்து, "ஒரு சென்டிமீட்டர் குறையுது பாப்பா, இந்தத் தடவை அது இல்லை" என்று சொல்லிவிட்டேன். அன்று அழுது தீர்த்தாள்.

ஆனாலும் அளவுப் பலகையைப் பார்த்ததும், "நின்னு மட்டும் பாக்குறேம்மா" என்றாள். நின்றாள். அங்கிருந்த பெண் குனிந்து பார்த்துவிட்டு, கோட்டுக்கும் தலைக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினார். மகள் தானாகவே விலகி வந்து அப்பாவின் கையைத் தள்ளிவிட்டாள்.

"நீங்க போங்கப்பா. எல்லாத்தையும் பாத்து வச்சிக்கிட்டு வாங்க."

அவர் போனார். வெளியே வந்தவரை உட்காரக்கூட விடவில்லை. முதலில் எந்தப் பக்கம் திரும்பியது, எப்போது நின்றது, பின்னால் போனதா, நெருப்பு வந்ததா, பயந்தீர்களா என்று ரயில் ஃபாரர் பார்க் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். தம்பி என் தோளில் தூங்கிப்போயிருந்தான்.