ட்ரிகர் கனம்: அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால்

குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணி ரைஃபிளில் ட்ரிகர் கனமாக இருக்கிறது, இழுக்க அதிக பலம் வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் போதும், பக்கத்தில் நிற்பவர் அரம் எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார். எனக்கு வயிற்றைக் கலக்கும். லாக் என்பது சுத்தியலும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்த சுடும் அமைப்பு. அதற்குள் சுத்தியலோடு சேர்ந்து சுற்றும் துண்டு டம்ப்ளர், அதன் வெட்டில் மாட்டிச் சுத்தியலைப் பிடித்து வைக்கும் நெம்புகோல் சியர். சியரின் மூக்கு டம்ப்ளரின் வெட்டில் போய் உட்காரும் அந்த இடத்தில், பல லாக்குகளில் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் அந்தத் தோல் போய்விடும். கொஞ்ச நாள் அருமையாக இருப்பது போலத் தெரியும், அப்புறம் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு தேய்ந்து, சுத்தியல் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாத நிலைமை வந்துவிடும்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். 18ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டையான யேகர் ரைஃபிளை நீட்டி மெலிதாக்கி வளர்த்தெடுத்ததுதான் லாங் ரைஃபிள். (பெயர் என்னவோ கென்டக்கி ரைஃபிள் என்று பரவிவிட்டது, இங்கே அது ஒரு மனக்குறை.) 1974 முதல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைக் காலமும் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி வரை போகும். அதனால் இந்த ட்ரிகர் பேச்சு இங்கே ஓய்வதே இல்லை.

ட்ரிகரை இழுத்ததும் கல் இரும்பில் உரச வேண்டும், பொறி கிண்ணியில் விழ வேண்டும், அங்கே இருக்கும் மருந்து பற்றி, சின்னத் துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்துக்குத் தீ போக வேண்டும். நொடியில் சிறு பங்குதான், ஆனால் நவீனத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் நீண்ட நேரம். கனமான ட்ரிகரை வெடுக்கென்று இழுத்துவிட்டு அந்த நேரம் முழுக்கக் குழல்முனை அசையாமல் இருக்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

சரி, எங்கே ஆரம்பிப்பது? முதலில் துப்பாக்கி காலியா என்று கெட்டிக்கோலைக் குழலுக்குள் விட்டு, அதில் போட்டு வைத்திருக்கும் அடையாளத்தை வைத்துப் பாருங்கள். கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மரத்துண்டை வையுங்கள். பிறகு லாக்கைக் கழற்றி, சுத்தியலை முழுதாக ஏற்றி, கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டே ட்ரிகர் தள்ளும் சியரின் கையை நீங்களே மேலே தள்ளிப் பாருங்கள். கையில் இலகுவாக இருக்கிறது, துப்பாக்கியின் மரக்கட்டையில் மாட்டினால் கனக்கிறது என்றால் லாக்கில் குறை எதுவும் இல்லை. குறை மரத்தில் இருக்கிறது, இல்லையென்றால் ட்ரிகர் அசையும் அச்சான பின்னில்.

மரம் என்று நான் சொன்னால் பலர் நம்புவதில்லை. சியர் கை போய் நிற்கும் துளை ரொம்ப இறுக்கமாக இருக்கும், அல்லது கையின் நுனி துளையின் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். லாக் திருகை அரைச் சுற்று தளர்த்தினதும் ட்ரிகர் இலகுவானால் விஷயம் அதுதான். கோடைப் புழுக்கத்தில் பூசாத மரம் ஊதிக்கொள்ளும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறும் இதுதான். மெழுகுவர்த்திப் புகையில் சியர் கையைக் கறுப்பாக்கி, லாக்கை மாட்டி, சுத்தியலை ஏற்றி மெதுவாக இறக்கி, மறுபடி கழற்றினால் எங்கே உரசுகிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சின்ன உளியால் சுரண்டுங்கள். முடிந்ததும் துளைக்குள் ஆளிவிதை எண்ணெய் பூசிவிடுங்கள்.

அடுத்தது பின். ட்ரிகர் ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். பின்னிலிருந்து விரல் படும் இடம் 24 மி.மீ. கீழே, சியர் கை 12 மி.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். சியரைத் தள்ள 3.6 கிலோ வேண்டுமென்றால் விரலுக்கு 1.8 கிலோ விழும். பின்னை நகர்த்தி அந்த 12ஐ 6 ஆக்கினால் 0.9 கிலோ போதும், ஒரு பொட்டு இரும்பைக்கூடத் தேய்க்காமல்! பதிலுக்கு விரல் இரண்டு மடங்கு தூரம் நகர வேண்டும், அது பழகிவிடும். ஆனால் வேட்டைக்கு, குளிரில் விறைத்த விரலோடு போகும்போது 0.9 கிலோ எனக்கு ரொம்பக் குறைவு, ஒன்றரைக்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

இதெல்லாம் பார்த்த பிறகும் கரகரப்பு இருந்தால்தான் லாக்கின் உள்ளே. அங்கேயும் வேலை நுண்ணிய சாணைக்கல்லுக்குத்தான், அதுவும் பளபளப்பாக்க மட்டும். கோணத்தை மாற்றக் கூடாது. சியர் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருந்தால் அதைக் கொஞ்சம் மெலிதாக்கலாம், ஆனால் சியர் தானாகப் படீரென்று வெட்டுக்குள் திரும்பி விழும் அளவுக்கு அதில் வலு மிஞ்ச வேண்டும். கடைசியாகச் சுத்தியலைப் பாதி ஏற்றத்துக்கான வெட்டில் நிறுத்தி ட்ரிகரை அழுத்தி இழுத்துப் பாருங்கள். விழுந்தால் அந்த லாக்கைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அது வரை மருந்து கெட்டிக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பதில் இரட்டை ட்ரிகர் போட்டுவிடலாமே என்பீர்கள். செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த ரைஃபிள்கள் பலவற்றில் அதுதான். பின்னால் இருப்பதை இழுத்து ‘செட்’ செய்தால் முன்னால் இருப்பதை லேசாகத் தொட்டாலே போதும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சியரை மேலே தட்டிவிடும். ஆனால் அந்தத் தட்டு கண நேரம்தான். சியர் உடனே கீழே வந்து பாதி வெட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க டம்ப்ளரில் ‘ஃப்ளை’ என்ற குட்டித் துண்டு இருந்தாக வேண்டும். அது இல்லாத லாக்கில் இரட்டை ட்ரிகரை மாட்டிவிட்டு, சுத்தியல் பாதியில் நிற்கிறதே என்று புலம்புகிறவர்கள் உண்டு. வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: செட் செய்யாமலே முன் ட்ரிகரால் சுட முடியுமா என்று. சில வகைகளில் பின்னதைச் செட் செய்யாமல் சுத்தியல் ஏறியே நிற்காது, மான் கண்ணெதிரே நிற்கும்போது அதைக் கண்டுபிடித்தால் மான் காத்திருக்காது.