நாற்பது குப்பியும் நூறு சிரிஞ்சும்

நான் முன்பு செவிலியராகப் பணியாற்றிய ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு நான்கு மாதங்களாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் மருத்துவர் இன்சுலினை இரண்டு யூனிட், நான்கு யூனிட் என்று கூட்டிக்கொண்டே வந்தார். நாங்களும் சோற்றைக் குறைக்கச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தோம். மழையால் கூட்டம் குறைந்திருந்த ஒரு நாளில்தான், வீட்டில் எப்படி ஊசி போட்டுக்கொள்கிறீர்கள் என்று காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு நேரம் கிடைத்தது. மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்த சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

நாங்கள் கொடுத்த குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. எங்கள் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சீட்டில் கூட்டிக் கூட்டி 32 ஆகியிருந்த அந்த அம்மாவுக்கு உண்மையில் 13 யூனிட்கூட முழுதாகப் போயிருக்கவில்லை. அன்று அவசரத்தில் சிரிஞ்சை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தால், மறுநாள் காலையில் 32 யூனிட்டும் ஒரேயடியாக ஏறி, தாழ்சர்க்கரையில் அவர் மயங்கி விழுந்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. மருத்துவர் அளவைக் குறைத்துப் புதிதாக எழுதிக் கொடுத்தார்.

நான்கு மாதங்கள் இது ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? 24 மணி நேர நிலையம் என்றால் மூன்று செவிலியர்கள், ஷிப்டுக்கு ஒருவர். எங்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருந்ததால் இருவர்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில், பிரசவ அறையில் வலியோடு ஒரு பெண் படுத்திருக்கும்போதே வெளியே நாய்க்கடி ஊசிக்கு வரிசை நிற்பதும், ரத்த அழுத்தம் பார்த்ததைப் பதிவேட்டில் ஒரு முறையும் செயலியில் ஒரு முறையும் மாத அறிக்கையில் இன்னொரு முறையும் ஏற்ற வேண்டியிருப்பதும் தெரிவதில்லை. பதிவு விட்டுப்போனால் அன்று மாலையே தொலைபேசி வரும்; சிரிஞ்சின் மூடி நிறத்தைப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொன்று பயம். பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கையான "17பி" என்றால் எங்கள் துறையில் அதற்கு விளக்கமே தேவையில்லை. அந்த நிலையத்துக்கு வருமுன் நான் இருந்த ஓர் இடத்தில், தடுப்பூசித் தேதியைத் தவறாக எழுதியதைத் தானாகவே போய்ச் சொன்ன சிஸ்டருக்கு மெமோதான் கிடைத்தது. அதன் பிறகு அங்கே தவறுகள் நின்றுபோகவில்லை, அவற்றைப் பற்றிய பேச்சுதான் நின்றது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தச் செவிலியராக வேலையைத் தொடங்கிய ஒருவர் பணி நிரந்தரத்துக்காகக் காத்திருக்கும்போது "தவறு என்னுடையது" என்று வாய் திறப்பாரா? உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் நோயாளர் பாதுகாப்பு நாளுக்குச் சுகாதாரப் பணியாளர்களின் பாதுகாப்பையே கருப்பொருளாக வைத்தது. கொரோனா காலமாதலால் பலருக்கும் அது முகக்கவசமும் கவச உடையும் என்றுதான் பட்டது. எனக்கு அந்த மெமோ நினைவுக்கு வந்தது.

அந்த அம்மா விஷயத்தில் எங்கள் மருத்துவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. இன்சுலின் வாங்க வரும் எல்லோரும் தாங்கள் பயன்படுத்தும் சிரிஞ்சையும் கொண்டுவர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதத் தொடங்கினார். அடுத்த இரண்டு வாரங்களில் இன்னும் மூன்று பைகளிலிருந்து ஆரஞ்சு மூடிகள் வந்தன. அந்தச் சோதனைக்காக, காலை பத்து மணி முதல் பதினொன்று வரை செயலிப் பதிவு வேண்டாம், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு வாய்மொழியாக அனுமதியும் தந்தார். அவர் மாறுதலில் போன பிறகு அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது. எழுத்தில் கேட்டேன், பதில் வரவில்லை.